பேஜர் அலறும்போது ஊரில் ஆள் இருக்க வேண்டுமே!

வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டன் கரையோரத்தில் அரசின் கடலோர மீட்புக் குழுக்கள் 300-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் உள்ள சுமார் 3,500 பேரும் கடை, பள்ளி, ஒர்க்‌ஷாப் என்று வேறு பிழைப்பு உள்ளவர்கள். பேஜர் அடித்தால் போட்டது போட்டபடி ஓடுகிறவர்கள். ஊதியம் கோரக்கூடிய பணிக்குப் போகும்போது இவர்கள் தொழிலாளரே என்று 2024-இல் தொழில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளித்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, 'இந்தத் தன்னார்வச் சேவை இனி நிலைக்குமா?' என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. அதையொட்டிப் பிரிட்டனிலிருந்தும் தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கடற்கரையில் ஆபத்து என்றால் பிரிட்டனின் அவசர எண் 999-ஐ அழைத்து யாரைக் கேட்பது? போலீஸா, கோஸ்ட்கார்டா, லைஃப்போட்டா? எல்லாம் ஒரே ஆட்கள்தானே?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

'கோஸ்ட்கார்டு' என்று கேளுங்கள். லண்டனுக்குள் தேம்ஸ் ஆற்றில் ஒருவர் விழுந்தாலும் அதே சொல்தான். வேறு யாரைக் கேட்டாலும் சேதி சுற்றிவந்து அங்கேதான் சேரும். நடுவில் போகும் நிமிடம் தண்ணீரில் கிடப்பவருடையது.

ஒரே ஆட்கள் இல்லை. ஹெச்.எம். கோஸ்ட்கார்டு 1822-இல் தொடங்கிய அரசு அமைப்பு. அழைப்பை வாங்குவது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது, ஹெலிகாப்டரை எழுப்புவது எல்லாம் அதன் வேலை. அதன் கீழே இருப்பவைதான் நாம் பேசும் தன்னார்வ மீட்புக் குழுக்கள். இவர்கள் கரையில் நின்று வேலை செய்கிறவர்கள்: செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்குவது, சேற்றில் புதைந்தவரை எடுப்பது, காணாமல் போனவரைத் தேடுவது, ஹெலிகாப்டர் இறங்க இடம் ஒதுக்குவது.

கடலுக்குள் போகும் மீட்புப் படகுகளில் (லைஃப்போட்) பெரும்பாலானவை ஆர்.என்.எல்.ஐ. என்ற அறக்கட்டளையுடையவை. 1824-இல் தொடங்கியது, பிரிட்டன், அயர்லாந்து இரண்டிலுமாக 238 படகு நிலையங்கள். கோஸ்ட்கார்டு கேட்கும்; படகை இறக்கலாமா என்று முடிவு சொல்வது அந்தந்த நிலையத்தின் பொறுப்பாளர். படகுக் குழுவினரிலும் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்களே. தேம்ஸ் விதிவிலக்கு. 1989-இல் மார்ச்சியோனஸ் என்ற உல்லாசப் படகு மூழ்கி 51 பேர் இறந்த பிறகு, 2002-இல் அங்கே லைஃப்போட் சேவை வந்தது. வாட்டர்லூ பாலத்தடியில் இருக்கும் டவர் நிலையம் நாடு முழுவதிலும் அதிகம் அழைக்கப்படுவது என்பதால் அங்கே சம்பளக் குழு 24 மணி நேரமும் தயாராக உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தீர்ப்பு என்னதான் சொல்கிறது? தன்னார்வலருக்குச் சம்பளம் கொடுக்கச் சொன்னால் சேவையே மூடிவிடும் என்கிறார்களே?
– வாசகர், லூயிஷம்

வழக்கு சம்பளத்தில் தொடங்கவில்லை. 1985 முதல் மீட்புக் குழுவில் இருந்த ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை வந்தது. விசாரணைக்குத் தொழிற்சங்கப் பிரதிநிதியை உடன் அழைத்துவர அவருக்கு உரிமை உண்டா என்பதுதான் கேள்வி. அந்த உரிமை 'தொழிலாளர்' என்ற சட்ட வகைக்குள் வருபவருக்குத்தான் உண்டு. முதல் தீர்ப்பாயம் இல்லை என்றது. மேல்முறையீட்டில், ஊதியம் கோரும் உரிமை உள்ள பணிக்கு அவர் போகும்போதெல்லாம் அந்தப் பணியளவில் அவர் தொழிலாளரே என்று முடிவானது.

நூல் எங்கே சிக்கியது என்று பார்த்தால் புரியும். இந்தக் குழுவினர் அழைப்புகளுக்கும் பயிற்சிகளுக்கும் மணிக்கணக்கில் பணம் கோரலாம். பலர் கோருவதே இல்லை. ஆனால் கோர உரிமை இருக்கிறது, குறைந்தபட்சம் இத்தனைக்கு வந்தாக வேண்டும் என்ற நடத்தை விதியும் இருக்கிறது. பெட்ரோல் செலவை மட்டும் திருப்பித் தருவது வேறு, நேரத்துக்குக் காசு என்பது வேறு. காகிதத்தில் 'தன்னார்வலர்' என்று எழுதிவைத்தால் மட்டும் சட்டம் ஒப்புக்கொள்ளாது.

தொழிலாளர் என்றானால் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுப்பும் பேச்சுக்கு வரும். அழைப்புக்குப் போன மணி நேரங்களுக்கு மட்டும் என்றால் அது பெரிய தொகை ஆகாது. ஏற்கெனவே ஓரளவு தரப்படுவதுதான். பூதம் இருப்பது பேஜரை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டில் காத்திருக்கும் நேரத்தில். 2018-இல் பெல்ஜியத்தின் நிவெல் நகரத் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவரின் வழக்கில், 8 நிமிடத்துக்குள் நிலையம் வரவேண்டும் என்ற கட்டாயத்தோடு வீட்டில் காத்திருப்பது வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அந்த நேரத்துக்கு எவ்வளவு கூலி என்பதை அந்தந்த நாட்டின் சட்டத்துக்கே விட்டுவிட்டது. பிரிட்டனில் கட்டாயக் காத்திருப்பு என்ற ஏற்பாட்டைக் கோஸ்ட்கார்டு எவ்வளவு தளர்வாக வைத்திருக்கிறதோ, அவ்வளவுக்குச் செலவு குறையும். தளர்த்திய அளவுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் யார் வருவார் என்ற உறுதியும் குறையும்.

தீயணைப்புத் துறை இதை எப்போதோ தாண்டிவிட்டது. கிராமப்புறத் தீயணைப்பு நிலையங்களில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நிலைத்தொகையும் போன அழைப்புக்கு மணிக்கூலியும் உண்டு. யாரும் அவர்களைக் கூலிப்படை என்று சொல்வதில்லை. கோஸ்ட்கார்டும் அந்த வழிக்கு வரலாம். வந்தால் கெட்டுப்போகாது என்பதே எங்கள் கருத்து. (இந்தத் தீர்ப்பு ஆர்.என்.எல்.ஐ. பற்றியதல்ல.) சேவைக்கு உண்மையான ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. அடுத்த கேள்வியில் அது இருக்கிறது.

சவுத்எண்டில் கடை வைத்திருக்கிறேன். லைஃப்போட்டில் சேர ஆசை. ஆனால் கடையில் நான் ஒருவன்தான், கடல் வேலையும் தெரியாது. என்னைப் போன்றவர்களை எடுப்பார்களா?
– வாசகர், சவுத்எண்ட்-ஆன்-சீ

கடல் வேலை தெரியாதது தடையே இல்லை. இன்று படகுக் குழுவினரில் பத்தில் ஒருவர்தான் கடல் தொழில் பின்னணி உள்ளவர். முன்பு மீனவர்கள், இப்போது ஆசிரியர், பிளம்பர், நர்ஸ். தெரியாததைக் கற்றுக்கொடுக்கத்தான் பூல் நகரில் 2004 முதல் ஒரு பயிற்சிக் கல்லூரியே இருக்கிறது. செயற்கை அலை எழும்பும் குளத்தில், விளக்கை அணைத்துவிட்டு, படகைக் கவிழ்த்து நிமிர்த்தப் பழக்குவார்கள்.

தடை நீங்களே சொன்னதுதான்: கடையில் நீங்கள் ஒருவர்தான். பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு ஓட முடியுமா, முடியாதா? இதை முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இரவுக்கும் வார இறுதிக்கும் மட்டும் வருகிறவர்களும் தேவைதான், கணக்கில் சரியாகக் காட்டினால்.

அந்தக் கணக்கு இப்படி. சிறிய டி-வகை ரப்பர் படகில் 3 பேர். கரையில் டிராக்டர் ஓட்ட, டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கிப் பிடிக்க, வயர்லெஸ் பார்க்க, இறக்க அனுமதி தர என்று குறைந்தது 4 பேர். மொத்தம் 7. வார நாள் பகலில் நாலில் ஒருவர்தான் வர முடியும் என்று வைத்தால் பட்டியலில் 28 பேர் வேண்டும். அதே ஊரில் பாதிப் பேர் வேலைக்காக 40 கி.மீ. தள்ளி ரயிலேறிப் போகிறார்கள் என்றால் எட்டில் ஒருவர்தான் வர முடியும். அப்போது 56 பேர். அத்தனை பேருக்குப் பயிற்சி தரவும் உடுப்பு வாங்கவும் முடியாது. முடிந்தாலும், ஆளுக்கு ஆண்டில் ஓரிரு அழைப்பே வாய்க்கும்போது கை மறந்துவிடும்.

துறைமுகத்தை ஒட்டிய வீடுகளை வெளியூர்க்காரர் விடுமுறை வீடாக வாங்கிவிட்டார்கள். உள்ளூர் இளைஞர் வாடகை கட்டுப்படியாகாமல் உள்ளே தள்ளிப் போய்விட்டார். கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் ஊரார் 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்போரே இருக்கவேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். லைஃப்போட்டுக்காகச் செய்ததல்ல, ஆனால் லைஃப்போட்டின் எதிர்காலம் அந்த மாதிரி விதிகளில்தான் தொங்குகிறது. நிலையத்திலிருந்து சில நிமிடத் தூரத்தில் குளிர்காலத்திலும் விளக்கெரியும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

நீங்கள் சேர விரும்பினால் கரைக்குழுவையும் கேளுங்கள். டிராக்டர் ஓட்டுநர் இல்லாமல் எந்த வீரரும் தண்ணீருக்குள் போக முடியாது. கண்பார்வை, உடல்தகுதிச் சோதனை உண்டு. வாரம் ஒரு மாலை பயிற்சிக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதலில் சம்மதம் வாங்குங்கள். பிறந்தநாள் கேக் வெட்டும்போதும் பேஜர் அடிக்கும்.

ஆள் பற்றாக்குறைக்கு நல்ல படகு வாங்குவதே தீர்வாகாதா?
– வாசகர், சென்னை-20

பாதி ஆகும். புதிய ஷானன் வகை லைஃப்போட்டை எடுத்துக்கொள்வோம். 2014-இல் முதலில் டஞ்சனஸ் நிலையத்துக்கு வந்தது. 13.6 மீட்டர் நீளம், 18 டன், 650 குதிரைத்திறன் இன்ஜின் இரண்டு, 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகம், 250 கடல் மைல் ஓடும், 6 பேர் குழு. புரொப்பல்லர் கிடையாது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் ஜெட். அதனால் மணலில் தட்டினாலும் உடைய ஒன்றுமில்லை, நேராகக் கரையேற்றிவிடலாம். கரையில் அதற்கென்றே ஒரு டிராக்டர் வண்டி. அதன் தொட்டில் படகை அப்படியே திருப்பி மறுபடி கடலைப் பார்க்க வைத்துவிடும். பழைய முறையில் வடம் போட்டு இழுத்துத் திருப்ப வேண்டிய கரை ஆட்களில் சிலர் இதனால் குறைந்தார்கள்.

கவிழ்ந்தால் தானே நிமிரும். மந்திரமில்லை: கனமான இன்ஜின்கள் அடியில், காற்றடைத்த அறை மேலே. தலைகீழானதும் அறை மிதக்கப் பார்க்கும், இன்ஜின் இறங்கப் பார்க்கும், படகு உருண்டு நிமிரும். ஆனால் அறையின் கதவு திறந்திருந்தால் தண்ணீர் புகுந்து இந்தக் கணக்கே பொய்யாகிவிடும். ஆகவே கதவைச் சாத்துவது இங்கே மரியாதைக்காக அல்ல.

சிறிய படகுகளில் இப்படி இல்லை. அட்லாண்டிக் 85 வகையில் பின்புற வளைவில் ஒரு காற்றுப்பை இருக்கும். கவிழ்ந்த பிறகு குழுவினர் அதை இழுத்து ஊதவிட வேண்டும். 5 மீட்டர் டி-வகையை ஆட்களே கயிறு பிடித்துத் தொங்கி நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினால் 50 குதிரைத்திறன் இன்ஜின் மறுபடி ஓடும். முழு வேகத்தில் 3 மணி நேரம்தான் எரிபொருள்.

ஷானன் ஒன்றின் விலை 20 லட்சம் பவுண்டுக்கு மேல். 50 ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். படகுக்கு 50 ஆண்டுத் திட்டம் இருக்கிறது. அதில் ஏறப்போகும் 6 பேருக்கு 5 ஆண்டுத் திட்டமாவது இருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஹெலிகாப்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?
– வாசகர், கோவை

2015-இல் விமானப்படையும் கடற்படையும் மீட்பு ஹெலிகாப்டர் பணியிலிருந்து விலகி, ஒப்பந்த நிறுவனம் வந்தபோது நாடு முழுவதற்கும் 10 தளங்கள். ஹெலிகாப்டர் ஆளைத் தூக்கும். இன்ஜின் நின்ற படகைக் கட்டி இழுத்து வராது. பாறை இடுக்கில் விழுந்தவரைத் தூக்கவும் கீழே கயிறு பிடிக்க ஆள் வேண்டியிருக்கும். உறைபனி மேகம் தாழ்ந்தால் சுற்றி வரவேண்டும். இரண்டும் வேண்டும், அவ்வளவுதான்.

கோஸ்ட்கார்டின் உள்ளூர் கட்டுப்பாட்டு அறைகளை மூடியது தவறா?
– வாசகர், ஸ்வான்சீ

உங்கள் ஊர் அறையும் போனது, அதனால் கோபம் புரிகிறது. 2010-இல் இருந்த 18 மையங்களை வெகுவாகக் குறைக்கத் திட்டம் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு திட்டம் மாறினாலும் ஃபோர்த், க்ளைட், ஸ்வான்சீ, லிவர்பூல், பிரிக்ஸம் முதலியவை மூடப்பட்டன. மீதி மையங்களும் ஃபேரமில் உள்ள தேசிய மையமும் ஒரே வலையாக இணைக்கப்பட்டன. ஒரு மையம் திணறினால் இன்னொன்று அழைப்பை எடுக்கும். புயல் நாளில் இது நல்லதே.

இழந்தது ஊர்ப்பெயர்கள். 'கிழவி மூக்கு' என்று உள்ளூர்க்காரர் சொல்லும் பாறை வரைபடத்தில் வேறு பெயரில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒரே பெயரில் நாலு விரிகுடாக்கள் இருக்கும். நூறு மைல் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. இதற்கு ஒரே மருந்து: அழைப்பவர் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்துச் சொல்வது. போனில் அதை எங்கே பார்ப்பது என்று இன்றே தேடி வையுங்கள். அது முடியாதபோது, பேஜர் அடித்து ஓடிவரும் உள்ளூர் ஆளின் மண்டைதான் வரைபடம். ஆக, மையங்கள் தூரம் போகப் போக, தன்னார்வலர் உள்ளூர்க்காரராக இருக்கவேண்டிய அவசியம் கூடுகிறது. திட்டம் போட்டவர்கள் இதை முதலில் யோசித்த மாதிரி தெரியவில்லை.

கடல் வற்றியபோது பிள்ளைகளோடு சேற்றில் நடந்தோம். கால் புதைந்து பயந்துவிட்டோம். அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, லீ-ஆன்-சீ

உங்கள் பக்கம் ஓதம் வற்றினால் கடல் ஒரு மைலுக்கும் மேல் பின்வாங்கும்; சவுத்எண்ட் இறங்குபாலம் 2 கி.மீ.க்கு மேல் நீண்டதே அதனால்தான். திரும்பி வரும் தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வராது. பள்ளங்களில் புகுந்து உங்களுக்குப் பின்னால் போய்விடும். 2004 பிப்ரவரியில் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப்போன சீனத் தொழிலாளர்கள் 20 பேருக்கு மேல் ஓதத்தில் சிக்கி இறந்தது இரவில், இப்படித்தான்.

புதைந்த காலை நேராக இழுக்காதீர்கள். பாதத்துக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் இறுக்கும். ஒரு காலை இழுக்க மற்றக் காலில் பாரம் போட, அதுவும் இறங்கும். பின்னால் சாய்ந்து உட்காருங்கள், படுத்தாலும் சரி, பாரம் பரவும். காலைச் சிறிது சிறிதாக ஆட்டித் தண்ணீர் உள்ளே போக வழி செய்யுங்கள். செருப்பு, பூட்ஸை அங்கேயே விட்டுவிடலாம். வந்த தடத்திலேயே திரும்புங்கள். முழங்காலுக்கு மேல் போய்விட்டால் அசையாமல் 999. கூட வந்தவர் கிட்டே ஓடிவந்து கை கொடுப்பதுதான் வழக்கமான தவறு. அடுத்தது அவரும் சிக்குவார்.

கோஸ்ட்கார்டின் சேற்று மீட்புக் குழு அகலத் தட்டு மாட்டிய காலணியோடும் சறுக்குப் பலகையோடும் வரும். நீண்ட குழாயைக் காலோரம் செருகித் தண்ணீரோ காற்றோ பீய்ச்சிச் சேற்றின் பிடியைத் தளர்த்துவார்கள். சவுத்எண்ட், மோர்கம் உட்பட நாலு ஊர்களில் ஆர்.என்.எல்.ஐ. ஹோவர்கிராஃப்டும் (காற்று மெத்தையில் மிதந்து சேற்றிலும் ஓடும் வண்டி) வைத்திருக்கிறது.

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். ஆற்றில் வளர்ந்தவன். பிரைட்டன் கடலில் ஏன் பயப்பட வேண்டும்?
– வாசகர், குரோய்டன்

காவிரித் தண்ணீர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீச்சலை, குளிரை அல்ல. பிரிட்டன் கடலின் சராசரி வெப்பம் சுமார் 12 டிகிரி. 15-க்குக் கீழே திடீரென விழுந்தால் மூச்சு தானாகவே 'ஹக்' என்று இழுக்கும்; அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. மீட்பவர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு 1-10-1: மூச்சு அடங்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். பெரும்பாலோர் அந்த ஒரு மணி நேரம் வரை போவதே இல்லை. முதல் நிமிடத்தில் நீந்த முயன்று இறக்கிறார்கள்.

விழுந்ததும் நீந்தாதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, காது தண்ணீருக்குள் அமிழ, கைகால் விரித்து மிதந்திருங்கள். மூச்சு சீரான பிறகே கூப்பிடுவதும் நீந்துவதும்.

ஆர்.என்.எல்.ஐ. மூடிவிட்டால் ஊர் தானே படகு நடத்த முடியுமா?
– வாசகர், நாரிச்

உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கெய்ஸ்டரில் 1901-இல் லைஃப்போட் கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். 1969-இல் ஆர்.என்.எல்.ஐ. அந்த நிலையத்தை மூடியபோது ஊர்க்காரர்கள் விடவில்லை, சொந்தமாகத் தொடர்ந்தார்கள். இன்றும் நடக்கிறது. கோஸ்ட்கார்டின் அழைப்புப் பட்டியலில் இடம்பெறுகிற இப்படிப்பட்ட தனிப் படகுகள் நாட்டில் பல.

படகு வாங்கக் காசு சேரும். அதற்கு ஒரு புகைப்படமும் உண்டியலும் போதும். மாதாமாதம் காப்பீடு, இன்ஜின் சர்வீஸ், உலர் உடையின் கழுத்து ரப்பர் மாற்றுவது, மிதவை ஜாக்கெட்டின் வாயுக் குப்பியைச் சோதிப்பது ஆகியவற்றுக்குப் பணம் கேட்டுப் பாருங்கள், தெரு காலியாகிவிடும். ஆர்.என்.எல்.ஐ.க்கு உயிலில் எழுதிவைத்த சொத்துகளே பத்தில் 6 அழைப்புகளின் செலவைத் தாங்குகின்றன. சின்ன ஊருக்கு அந்த வசதி இல்லை.

கெய்ஸ்டருக்கு அடுத்த ஹெம்ஸ்பியில் பிரச்சினையே வேறு. மணல்மேடு அரித்து வீடுகளே இடிக்கப்படுகின்றன. படகு கடலுக்கு இறங்கும் சரிவும் அறுபடுகிறது. ஆள் இருக்கிறார், படகு இருக்கிறது, வழி இல்லை.

ஆங்கிலக் கால்வாயில் ஆர்.என்.எல்.ஐ. அகதிகளைக் காப்பாற்றுவதால் நன்கொடையை நிறுத்தச் சொல்கிறார்களே?
– வாசகர், ஹேய்ஸ்

2021-இல் அந்தச் சர்ச்சை வெடித்தபோது நன்கொடை கூடியதே தவிர, வற்றவில்லை. கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்றுவது சர்வதேசக் கடல் சட்டக் கடமை. மூழ்குகிறவரிடம் பாஸ்போர்ட் கேட்கும் விதி அதில் இல்லை.

எங்கள் ஊரில் படகு கவிழ்ந்தால் நாங்களேதான் போகிறோம். பிரிட்டன் மாதிரி முறையான தன்னார்வக் குழுவை ஒரு மீனவக் கிராமம் அமைக்க முடியுமா?
– ஊர்ப் பஞ்சாயத்தார் சார்பில் ஒரு வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

நீங்கள் செய்வது பிரிட்டனில் 1824-க்கு முன்பே நடந்தது. பெயர் மட்டும் இல்லை. உங்களுக்கு இருக்கும் ஒரு பெரிய வசதி அவர்களிடம் இன்று இல்லை: கடல் தெரிந்தவர்கள் கரையிலேயே குடியிருக்கிறார்கள். இல்லாதது ஒழுங்கு. அதை மட்டும் பேசுவோம்.

அதிகாரம் யாரிடம் என்பதில் குழப்பம் வேண்டாம். இந்தியாவில் கடல் மீட்பை ஒருங்கிணைப்பது இந்தியக் கடலோரக் காவல்படை. இலவச எண் 1554. தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. படகை இறக்கும் முன் இந்த இரண்டில் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு இறங்குங்கள். சொல்லாமல் போனால் தேடப்போன படகையும் ஒருநாள் தேட வேண்டியிருக்கும்.

முதல் பொருள் படகு அல்ல, ஒரு கரும்பலகை. ஏலக்கூடத்தில் மாட்டுங்கள். படகு எண், எத்தனை பேர், எந்தத் திசையில், எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் 6 அடி) ஆழத்துக்கு, எப்போது திரும்புவார்கள். திரும்பியதும் அழிக்க வேண்டும். சொன்ன நேரம் தாண்டி 2 மணி நேரத்தில் போன், 3 மணி நேரத்தில் 1554 என்று விதி எழுதி ஒட்டுங்கள். 'வந்துவிடுவான்' என்று காத்திருப்பதில்தான் உயிர் போகிறது. நீவாடு (கடல் நீரோட்டம்) 1 நாட் ஓடினால் 1 மணி நேரத்தில் தேடவேண்டிய வட்டத்தின் ஆரம் 1 கடல் மைல், பரப்பு 3 சதுர மைல். 3 மணி நேரத்தில் ஆரம் 3, பரப்பு 28. நேரம் மூன்று மடங்கு, வேலை ஒன்பது மடங்கு.

இரண்டாவது வயர்லெஸ். உரிமம் பெற்ற வி.ஹெச்.எஃப். கருவி, அபாய அழைப்புக்கான 16-ஆம் சேனல், 24 மணி நேரமும் காது கொடுக்க ஆள். எவ்வளவு தூரம் கேட்கும்? ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் கி.மீ. வரும். கரையில் 20 மீட்டர் கம்பம்: 18 கி.மீ. ஃபைபர் படகில் 2 மீட்டர்: 6 கி.மீ. கூட்டினால் 24, அதாவது 13 கடல் மைல். கருவியின் விலையைக் கூட்டினால் தூரம் கூடாது. கம்பத்தை உயர்த்தினால்தான் கூடும். அதற்கு அப்பால் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழிக் கருவியே துணை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகளுக்குச் சேதி எட்டாததன் விலையை அறிவோம். இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவி 2024 ஜனவரியில் வந்தது; உங்கள் சமிக்ஞை போய்ச் சேர்ந்தது என்று திருப்பிச் சொல்லும். கருவியைப் பெட்டியில் பூட்டிவைக்காமல், சார்ஜ் பார்த்து மாட்டியிருக்கிறார்களா என்று மாதம் ஒருமுறை பஞ்சாயத்தே சோதிக்கட்டும்.

மூன்றாவது, பட்டியல். இரண்டு ஃபைபர் படகுகள், ஒவ்வொன்றுக்கும் 4 பேர், வாரம் மாற்றி வாரம். அந்த வாரம் அவர்கள் குடிக்கக் கூடாது. கடலுக்குப் போனாலும் கண்ணுக்கெட்டும் தூரம்தான். அந்த இழப்பை ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து ஈடுகட்டுங்கள். லண்டன் தீர்ப்பாயத்துக்குத் தெரிந்த நியாயம் நம் ஊர்க் கமிட்டிக்கும் தெரியும். மீட்புக்கென்று 30 லிட்டர் எரிபொருள் தனியே பூட்டிவையுங்கள்: 10 போக, 10 வர, 10 தொடாமல் இருக்க.

படகில் இருக்கவேண்டியவை: 30 மீட்டர் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு. நைலான் மூழ்கி உங்கள் இன்ஜின் இறக்கையிலேயே சுற்றும். மூடி இறுகிய 20 லிட்டர் காலி கேன் நாலு. ஒரு கேன் சுமார் 19 கிலோ தாங்கும், தலை மேலே இருக்க இரண்டு பேருக்குப் போதும். ஆனால் மயங்கியவரின் முகத்தை அது மேலே திருப்பாது, ஜாக்கெட்தான் திருப்பும். குழுவினர் ஜாக்கெட்டை முகத்துவாரத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். தேங்காய்ப்பட்டணம் போன்ற இடங்களில் படகு கவிழ்வது துறைமுக வாசலில்தான். உள்ளே வரும்போது அலையின் முதுகில் பின்தொடருங்கள். முந்தினால் அணியம் (படகின் முன்முனை) குத்தி, படகு குறுக்கே திரும்பி உருளும்.

ஆளை நெருங்கும்போது காற்றுக்கு எதிர்முகமாக வாருங்கள், கை எட்டும் தூரத்தில் இன்ஜினை நியூட்ரலில் போடுங்கள். பல மணி நேரம் மிதந்தவரை முடிந்தவரை கிடைமட்டமாக ஏற்றுங்கள். செங்குத்தாகத் தூக்கினால் ரத்த அழுத்தம் இறங்கிப் படகில் ஏறிய பின் உயிர் போவது உண்டு. காலிப் படகு கிடைத்த இடத்தில் ஆளைத் தேடாதீர்கள். படகைக் காற்று தள்ளும், ஆளை நீவாடு இழுக்கும். இரண்டும் பிரிந்த இடத்தை யோசித்து அங்கிருந்து நீவாட்டின் போக்கில் தேடுங்கள். இதில் எந்தக் கணினியையும்விட உங்கள் பெரியவர்கள் கெட்டி.

பதிவுபெற்ற மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் உண்டு. மீட்புப் பட்டியலில் இருக்கும் 8 பேரின் பதிவும் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அபாய அழைப்பில் எதை முதலில் சொல்வது? பதற்றத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது.
– வாசகர், ராமேஸ்வரம்

எழுதிக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். டி.எஸ்.சி. வசதியுள்ள (பொத்தானை அழுத்தினால் அபாயச் செய்தியைத் தானே அனுப்பும்) கருவி என்றால் மூடியைத் தூக்கிச் சிவப்புப் பொத்தானை 5 விநாடி அழுத்துங்கள். பிறகு 16-ஆம் சேனலில் பேசுங்கள். 'மேடே' மூன்று முறை. படகின் பெயர் மூன்று முறை. மறுபடி மேடே, பெயர், எண் ஒருமுறை. இருக்கும் இடம்: அட்சரேகை, தீர்க்கரேகை; தெரியாவிட்டால் எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை மைல். என்ன ஆயிற்று: மூழ்குகிறதா, தீயா, இன்ஜின் நின்றதா. என்ன உதவி வேண்டும். எத்தனை பேர். கடைசியில் 'ஓவர்'.

இடத்தை முன்னால் சொல்வதற்குக் காரணம், பேட்டரி நடுவில் தீர்ந்தாலும் தேட ஓர் இடம் இருக்கும். பேசி முடித்ததும் பொத்தானிலிருந்து விரலை எடுங்கள்; அழுத்திக்கொண்டே இருந்தால் பதில் உங்களுக்குக் கேட்காது, சேனலும் மற்றவர்களுக்கு அடைபட்டுவிடும்.